வலி இல்லைங்க, அடைச்சா மாதிரிதான் இருக்கு

இரண்டு வருஷத்துக்கு முன்பு, புரட்டாசியில் ஒரு காலை நேரம் நடந்தது இது. திருவண்ணாமலை கிரிவலப் பாதையை ஒட்டி, அடி அண்ணாமலையில் எங்கள் வீடு. கீழே நாங்கள் இருக்கிறோம். மாடியில் ஒரு ரூம் கட்டி, ஊருக்கு வந்து தங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அவர்கள் விரும்பிப் போடுகிற லூஸ் பேன்ட், ஜிப்பா எல்லாம் நானே தைத்தும் கொடுப்பேன். அளவெடுக்கும்போது பேசிப் பேசியே எனக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது. இலக்கணம் கிடையாது, ஆனால் வேலை நடக்கும்.

அந்த வருஷம் ஆனி மாசத்தில் என் வீட்டுக்காரருக்கு மாரடைப்பு வந்தது. ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர் அவர். பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவர், தட்டைத் தள்ளிவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டார். வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தக்குழாயில் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு டாக்டர் அவர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பொறுமையாகத்தான் சொல்லியிருக்கிறார், அதுவும் நல்ல தமிழில். நான் அப்போது கீழே மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தேன். மேலே வந்து, "என்னாங்க சொன்னாரு?" என்று கேட்டதற்கு, "எல்லாம் சொல்லிட்டாரு. நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவர் பாத்துக்கறேன் என்றால் பார்த்துக்கொள்வார். அப்படிப்பட்ட மனுஷன். சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் வேன் நிற்கும். பிள்ளைகளின் அம்மாக்கள் அவர் ஹாரனை வைத்துத்தான் அடுப்பை அணைப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அதே மாதிரி ஒழுங்காக ஆரம்பித்துவிட்டார். வேனுக்கு லீவு சொன்னார், பீடியை விட்டார். விடியும்போதே எழுந்து நடக்கப் போனார். திரும்பி வந்து குளித்து, ஜன்னலோரம் இருக்கும் டப்பாவைத் திறந்து மாத்திரை போட்டுக்கொள்வார். குழம்பில் உப்பே போடாதே என்று என்னிடம் சொல்லிவிட்டார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாம், பேஷன்ட்டுன்னா இப்படி இருக்கணும் என்று மெச்சிவிட்டுப் போனார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆவணியில் மாடி ரூமுக்கு ஒரு அம்மா வந்தார். பிறந்தது மெக்சிகோவில், சின்ன வயசிலேயே குடும்பத்தோடு அமெரிக்கா போய்விட்டார்கள். தாய்மொழி ஸ்பானிஷ். ஐம்பதைத் தாண்டியவர். ஏதோ ஆஸ்பத்திரியில் வேலை என்றார், நான் அதற்குமேல் கேட்கவில்லை. எந்தப் பொம்பளையைக் கூப்பிடவும் அக்கா என்றால் போதும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் போல. என்னைவிடப் பெரியவர், ஆனால் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை மேடம் என்பேன். தினமும் காலையில் மலையைச் சுற்றப் போவார்.

அன்றைக்கு நான் வாசல் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு ஆட்டோ வந்து நின்றது. முதலில் மேடம் இறங்கினார். அப்புறம் கையைப் பிடித்து என் வீட்டுக்காரரை இறக்கினார். அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உதட்டில் ரத்தமே இல்லை. என் கையிலிருந்த வாளி கீழே விழுந்தது.

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் மூச்சு வாங்குச்சு. இந்த அம்மா பாத்துட்டு ஆட்டோ புடிச்சுட்டாங்க" என்று சிரித்தார்.

கிரிவலப் பாதையில் நிருதி லிங்கக் கோயிலுக்குப் பக்கத்தில் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாராம். எனக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டால் வாயு லிங்கம், குபேர லிங்கம், அப்புறம் டவுன், பெரிய கோயில், அதையெல்லாம் தாண்டி மலையின் அந்தப் பக்கம் போனால்தான் நிருதி லிங்கம். சுற்றி முடிக்கக் கொஞ்ச தூரம்தான் பாக்கி இருக்கும்.

"அங்க எப்படிப் போனீங்க?" என்று கேட்டேன்.

"நடந்துதான். தினம் போறதுதானே."

தினமும். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த மனுஷன், தினமும் காலையில் முழு மலையையும், பதினாலு கிலோமீட்டரையும் சுற்றி வந்திருக்கிறார். நான் பக்கத்துத் தெரு வரைக்கும் போய் வருகிறார், வழியில் டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டு லேட்டாக வருகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். கத்தத் தொடங்கினேன். மேடம் என் தோளில் கை வைத்தார். திட்ட வேண்டாம் என்றார். அவரை நாற்காலியில் உட்கார வைத்து, மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே என்னிடம் இங்கிலீஷில் ஒன்று சொன்னார். டாக்டர் இவருக்கு என்ன சொன்னார் என்று இவர் வாயாலேயே சொல்லச் சொல்லு. நடுவில் திருத்தாதே. இவர் சொல்வதை மட்டும் எனக்கு அப்படியே சொல்லு.

இந்த நேரத்தில் இது எதற்கு என்று எனக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் கேட்டேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்ல ஆரம்பித்தார்.

தினமும் நடக்கச் சொன்னார்கள். கொஞ்சம் கொஞ்சமா ஜாஸ்தி பண்ணச் சொன்னார்கள். முதலில் தெருவிலேயே நடந்தாராம், அப்புறம் ஜாஸ்தி பண்ண வேண்டுமே என்று கிரிவலப் பாதைக்குப் போனாராம். பாதியில் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கலாமே என்று மேடம் கேட்கச் சொன்னார். அவர் என்னைப் பார்த்தார். அந்த அம்மாவுக்குத்தான் தெரியாது, உனக்குமா தெரியாது என்கிற மாதிரி.

"கிரிவலத்துல எப்படிம்மா பாதியில திரும்பறது?"

 இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான், எனக்கும் அது தெரியும். பாதியில் திரும்பினால் மலையை இடமாகச் சுற்றுவதாகிவிடும், அப்படி யாராவது வருவார்களா? காலை வைத்துவிட்டால் முடித்துத்தான் ஆக வேண்டும். நடக்கச் சொன்னவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. நடந்தவருக்கு வேறு மாதிரி நடக்கவும் தெரியவில்லை.

உப்பு. சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், அவர் அறவே விட்டுவிட்டார். உப்பில்லாத சாதம் இறங்காது இல்லையா, அதனால் மூன்று வேளையும் நார்த்தங்காய் ஊறுகாயும் மோர்மிளகாயும் தொட்டுக்கொண்டார். அதை எடுத்து வைத்ததே நான்தான். மேடத்துக்கு அதைச் சொல்லும்போதுதான், என் வாயிலிருந்து வரும்போதுதான், ஊறுகாயில் என்ன இருக்கிறது என்பதே எனக்கு உறைத்தது.

அடுத்தது, வலி வந்தால் நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரை. அது சாமி மாடத்தில் விபூதித் தட்டுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறதாம். பிரிக்கவே இல்லையாம். இத்தனை நாளில் ஒரு தடவைகூட வலி வரவில்லை என்று சந்தோஷமாகச் சொன்னார்.

மேடம் அவர் மணிக்கட்டை விடவில்லை. இப்போது வலி இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார்.

"இல்ல."

வலி இல்லை, சரி. என்ன இருக்கிறது என்று கேள் என்றார்.

எனக்கு அந்தக் கேள்வியே விநோதமாக இருந்தது. கேட்டேன்.  அவர் நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"வலி இல்லைங்க, அடைச்சா மாதிரிதான் இருக்கு. கல்லு வெச்சா மாதிரி கனக்குது. தாடை வரைக்கும் இறுக்கிப் புடிக்குது. அது கேஸும்மா. ஒரு சொம்பு தண்ணி குடிச்சா போயிடும். நடக்க நடக்க வரும், உக்காந்தா போயிடும். இன்னிக்குத்தான் உக்காந்தும் போகல."

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் மேடம் எழுந்துவிட்டார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. சாமி மாடத்தைக் காட்டி, கொண்டுவா, கொண்டுவா என்றார். நான் ஓடிப்போய் எடுத்து வந்தேன். ஆடாமல் உட்காரச் சொல்லி, மாத்திரையை அவர் நாக்குக்கடியில் வைத்தார். ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணச் சொன்னார். பண்ணினேன்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் மேடம் கடைசியாக ஒன்று கேட்டார். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுப்பார்களே, அதை இன்றைக்குப் போட்டுக்கொண்டாரா?

மாத்திரையெல்லாம் தினமும் தவறாமல் போடுவார் என்று நானே பெருமையாகச் சொன்னேன். அந்த அம்மா என்ன கேட்டார் என்று நான் சொன்னதும் வீட்டுக்காரர் குறுக்கிட்டார்.

"பிரஷர் மாத்திரை போடறேன். அது ஆயுசுக்கும்னு தெரியும், பத்து வருஷமா போடறதாச்சே. ஆஸ்பத்திரியில குடுத்தது போன மாசமே முடிஞ்சிடுச்சு. குடுத்ததுல ஒண்ணுகூட விடாம சாப்ட்டு முடிச்சிட்டேன்."

காய்ச்சலுக்கு ஒரு கோர்ஸ் கொடுத்தால் முடிப்பதில்லையா, அப்படி முடித்துவிட்டார். முடித்ததில் ஒரு திருப்தி வேறு அவர் குரலில்.  தினமும் காலையில் டப்பாவைத் திறப்பதை நான் பார்க்கிறேன். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தான். டப்பாவில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. இதை எப்படி இங்கிலீஷில் சொல்வது என்று தெரியவில்லை. "ஃபினிஷ்" என்று மட்டும் சொன்னேன். 

டவுனில் இருக்கும் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்ததுமே அங்கிருந்தவர்கள் ஓட ஆரம்பித்தார்கள். வைத்த ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறையத் தொடங்கிவிட்டது என்றார் டாக்டர். ஊசி போட்டு, அதே ஆம்புலன்ஸில் முதலில் பார்த்த பெரிய ஆஸ்பத்திரிக்கே அனுப்பினார்கள். போகிற வழியெல்லாம் அவர் என்னிடம், "நான் எல்லாம் கரெக்டாத்தானே பண்ணேன்?" என்றே கேட்டுக்கொண்டு வந்தார். ஆமாங்க, ஆமாங்க என்றே சொன்னேன். பயத்தைவிட அந்தக் கேள்விதான் என்னை அதிகம் உலுக்கியது. பொய் சொல்லி ஏமாற்றியிருந்தால் கோபப்படலாம். அசட்டையாக இருந்திருந்தால் திட்டலாம். இந்த மனுஷன் சொன்ன பேச்சைக் கேட்டுக் கேட்டே சாவுக்குப் பக்கத்தில் போயிருக்கிறார்.

அவரை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சில் நானும் மேடமும் உட்கார்ந்திருந்தோம். கூடவே வந்துவிட்டார் அவர், மலை சுற்றிய அதே உடையோடு. எனக்கு ஆறவே இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர், நம்ம பாஷையில்தான் சொன்னார்கள், எப்படி இப்படி ஆகும் என்று புலம்பினேன்.

அப்போதுதான் மேடம் தன் வேலையைப் பற்றிச் சொன்னார். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு, அதற்கப்புறம் எப்படி நடப்பது, என்ன சாப்பிடுவது, மாத்திரையை எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுக்கிற பிரிவில் நர்ஸாம். அவர் ஊரில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் நிறையப் பேர். இங்கிலீஷில் இருந்ததை அப்படியே ஸ்பானிஷில் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்களாம். படித்துவிட்டு எல்லாரும் தலையாட்டுவார்கள், சிரிப்பார்கள், நன்றி சொல்வார்கள். கொஞ்ச நாளில் பாதிப் பேர் மறுபடியும் ஆஸ்பத்திரியில் இருப்பார்கள்.

பிறகு தன் தாய்மாமாவைப் பற்றிச் சொன்னார். இது மேடம் அந்த வேலைக்குப் போவதற்கு முன்னால் நடந்தது. மாமாவுக்குப் பிரஷர் மாத்திரை கொடுத்தார்கள். சீட்டில் இங்கிலீஷில் "ஒன்ஸ்" என்று போட்டிருந்தது. தினமும் ஒரு தடவை என்று அர்த்தம். மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஸ்பானிஷ் படிக்கத் தெரியும். அதே எழுத்துகளைச் சேர்த்து ஸ்பானிஷில் படித்தால் பதினொன்று என்று வருமாம். மாமா நல்ல மனுஷன், டாக்டர் சொன்னால் தட்டமாட்டார். பதினோரு மாத்திரையையும் எண்ணி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

  அப்புறம் என்ன ஆனது என்று கேட்டேன்.

"பிழைக்கவில்லை" என்றார். எப்போதோ சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரலில்தான் சொன்னார். ஆனால் என் கையை எடுத்து இறுகப் பிடித்துக்கொண்டார்.

 எங்கேயோ உலகத்தின் அந்தக் கோடியில், வேற பாஷை பேசுகிற ஒருவர், என் வீட்டுக்காரர் மாதிரியே சொன்னதைச் செய்து செத்துப்போயிருக்கிறார். அன்றிலிருந்து மேடம் யாருக்கும் முதலில் எதையும் சொல்வதில்லையாம். நீங்கள் என்ன புரிந்துகொண்டீர்கள், எனக்குச் சொல்லுங்கள் என்றுதான் ஆரம்பிப்பாராம். அவர்கள் என்ன சமைக்கிறார்கள், யாரோடு நடப்பார்கள், நெஞ்சு சரியில்லை என்பதை வீட்டில் எந்த வார்த்தையில் சொல்வார்கள் என்று சமையல்கட்டிலும் சர்ச் வாசலிலும் உட்கார்ந்து கேட்டு, அதையெல்லாம் வைத்து அவர் கூட்டாளிகளோடு சேர்ந்து முழுசாகப் புதுசாக எழுதினார்களாம்.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, ஆபத்து தாண்டிவிட்டது என்றார். 

வீட்டுக்கு வந்த பிறகு மேடம் தினமும் கொஞ்ச நேரம் கீழே வந்து அவரோடு உட்காருவார். நான் நடுவில். எந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதை அவர் திருப்பிச் சொல்லும்வரை விடமாட்டார். நடையைப் பற்றிப் பேச்சு வந்தபோது, டாக்டரும் மெதுவாக ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவிட்டிருந்தார். சுற்றினால் முடிக்க வேண்டும் என்றால் சின்னதாக ஏதாவது சுற்று இருக்கிறதா என்று மேடம் கேட்டார். என் வீட்டுக்காரர் பட்டென்று, "நம்ம ஆதி அண்ணாமலையார் கோயில் பிரகாரம் இருக்குதே" என்றார். சுற்றலாம், மூச்சு வாங்கினால் தூண் ஓரமாக உட்காரலாம், ஒரு சுற்றோடு முடித்தாலும் முடித்ததுதான். அவர் முகத்தில் அன்றைக்குத்தான் பழைய தெளிவு வந்தது.

விஷயம் தெருவில் பரவியது. நெஞ்சு நோவுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக என் தையல் ரூமுக்கு வர ஆரம்பித்தார்கள். மேடம் கேட்கச் சொன்ன அதே கேள்வியைக் கேட்டேன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி புரிந்துவைத்திருந்தார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு அம்மாவிடம் பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். பேரப்பிள்ளையைக்கூடத் தூக்காமல் இருந்தவர், கிணற்றில் தினமும் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார். அது இழுக்கிறதுதானே, தூக்கறது இல்லையே என்றார். இன்னொருவர் நெஞ்சு மேல யாரோ உக்காந்தா மாதிரி இருக்கு என்றார், வலி இருக்கா என்றால் இல்லை என்றார். வலி என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இத்தனை பேர் உயிர் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. அதற்கப்புறம் நான் வலி என்று கேட்பதையே விட்டுவிட்டேன். அடைக்குதா, கனக்குதா, இறுக்குதா, தாடை இழுக்குதா, தோள் இழுக்குதா, அப்படி ஒவ்வொன்றாகக் கேட்கப் பழகினேன். பிறகு டவுனிலிருந்து ஒரு டாக்டரும் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார். இப்போது அவரும் அப்படித்தான் கேட்கிறாராம்.

தை மாசம் மேடம் ஊருக்குக் கிளம்பினார். என் வீட்டுக்காரர் வாசல்வரை பையைத் தூக்கிக்கொண்டு போனார், நானும் மேடமும் ஒரே நேரத்தில் கத்திப் பிடுங்கினோம். மூன்று பேருமே சிரித்துவிட்டோம். இப்போது அவர் வேன் ஓட்டுவதில்லை, ஸ்கூல் கேட்டில் பிள்ளைகளை ரோடு தாண்டவைக்கிற வேலையில் இருக்கிறார். நன்றாக இருக்கிறார்.

ஆனால் எனக்கு ஒன்று மட்டும் பழையபடி ஆகவில்லை. துணி கொடுக்க வருகிறவர்களாகட்டும், சொந்தப் பிள்ளைகளாகட்டும், நான் சொல்வதைக் கேட்டுவிட்டு யாராவது "சரி, புரிஞ்சுது" என்று தலையாட்டினால், இன்றைக்கும் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது. என்ன புரிஞ்சுது என்று ஒரு தடவை அவர்கள் வாயால் கேட்டுவிட்டுத்தான் நான் அடுத்த வேலையைப் பார்க்கிறேன்.